யார் முதலில் நிறுத்துவது

அன்று எங்கள் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் உறுமியோடு. கோத்தோ அம்மா, ஆறடி நீளத்துக்குப் படுத்திருக்கும் தன் கோத்தோவோடு. என் மனைவி பாக்கியம். திரிங்காப்பில் பூத்தோட்டத்து வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி முனியாண்டி அண்ணன். மண்டபத்துச் சாவியை வைத்திருந்த, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சேகர். எங்கள் வாசிப்பைக் கேட்பதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து வந்த மிஸ் லாவ். ஒரு நாயும் இரண்டு முறை எட்டிப் பார்த்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயம் பக்கத்து டவுன் பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்ததாகவும், ஜப்பான்காரம்மா மேல் மாரியாத்தா இறங்கிக் குறி சொன்னதாகவும் ஆகிவிட்டது. குறியெல்லாம் யாரும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உறுமி மேளக் குழுக்களிலிருந்து எங்கள் பக்கம் வருகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் என்றால், எதையும் எழுதி வைக்காமல், ஒத்திகை பார்த்த பாட்டு எதுவும் இல்லாமல், மேடையில் உட்கார்ந்த பிறகு உண்டாக்கி வாசிக்கிற இசை. தோள் ஒத்துழைக்காததால் நான் உறுமியைக் கீழே வைத்து இரண்டு வருடமாகிறது. அடிக்கடி போன் வருகிறது. "அண்ணே, எதுவுமே இல்லாம எப்படிண்ணே ஆரம்பிக்கிறது?" எல்லாரும் ஆரம்பிப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கையை வைத்தால் ஆரம்பித்துவிடும். முடிப்பதுதான் பாடு.

நான் படிவம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னிடம் பெரிய விளக்கமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். அதோடு பிறவியிலேயே பயந்த ஆள். நிகழ்ச்சிக்குக் கிளம்பினால் முச்சந்தி வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். அணைத்துத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒருவன் இந்தத் தொழிலில் பதினோரு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறேன் என்றால், உங்களால் தாராளமாக முடியும்.

கோத்தோ அம்மாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் எல்லாரும் அவரைக் கோத்தோ அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கோத்தோ என்பது பதின்மூன்று கம்பிகள் கட்டிய நீளமான மரக்கருவி. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் குதிரை என்கிற சின்னத் தாங்குகட்டை நிற்கும். அதை நகர்த்தினால் சுரம் மாறும். வலது கையின் மூன்று விரல்களில் நகம் மாட்டிக்கொண்டு மீட்டுவார்கள், இடது கையால் கம்பியை அழுத்துவார்கள். அந்த அம்மா ஆறு வயதிலிருந்து இதைப் படித்தவர். எங்கே எந்தக் கம்பி, எப்படி உட்காருவது, எவ்வளவு குனிந்து வணங்குவது, எல்லாம் எழுதி வைத்த படிப்பு. முப்பது வயதுக்கு மேல் ஒரு நாள், சாக்சபோன் வாசிக்கும் ஒருவரோடு உட்கார்ந்து இசைத்தாளைப் பார்க்காமல் வாசித்திருக்கிறார். பிறகு தாளைத் தொடவே இல்லை. வில்லால் கம்பியைத் தேய்ப்பார். வாசிக்கும்போதே குதிரைகளை இடம் மாற்றுவார். பலகையைத் தட்டுவார். அவர் படித்த இடத்திலிருந்து, இனி வர வேண்டிய அவசியமில்லை என்று மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் வந்ததாம். அதற்குப் பின் இருபது வருடம், ஊர் ஊராக, பத்துப் பேர் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்கும் அறைகளில் வாசித்தார். பினாங்குக்கு வந்தவர், எங்கள் மலையின் குளிர் பிடித்துப்போய் பிரிஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

ஒரு திருவிழாவில் தேருக்கு முன்னால் நான் உறுமியைத் தேய்த்துக்கொண்டு போனேன். உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்போம், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்போம். தேய்க்கும்போது யாரோ அடிவயிற்றிலிருந்து முனகுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக அந்த அம்மா சாதாரணச் செருப்போடு இரண்டு மணி நேரம் மேட்டில் நடந்து வந்திருக்கிறார். மறுநாள் காலையில் பாக்கியம் உள்ளே ஓடி வந்தாள்.

"ஏங்க, நேத்து தேருக்குப் பின்னாடியே நடந்துச்சே அந்த ஜப்பான் அம்மா, வாசல்ல நிக்குது. எதையாச்சும் தொலைச்சிருச்சோ என்னமோ, போய்ப் பாருங்க."

இப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்தது கடைத்தெரு மலாய்.

"எப்ப முடியும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"முடியும்போது முடியும்."

"யார் முடிக்கிறது? ஒரு சைகை வச்சுக்கலாமா? தலைய ஆட்டுங்க, நான் நிறுத்திக்கிறேன்."

"சைகை வேண்டாம். தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது பெரிதாகத் தெரியவுமில்லை, ஏனென்றால் நான்கு மணியானால் கிராணி சாவியை ஆட்டிக்கொண்டு வந்து எங்களை முடித்துவைத்துவிடுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குள் ஒரு சட்டம் இருந்தது. கோயிலில் யார் மேலாவது சாமி வந்துவிட்டால், சாமி மலையேறும் வரை அடிக்கிறவன் கையை நிறுத்தக் கூடாது. இருபது வயதில் ஒரு தீமிதியின்போது நான் நிறுத்தியிருக்கிறேன். குச்சி வழுக்கியது, இடுப்புத் துண்டில் கையைத் துடைத்தேன், அவ்வளவுதான். ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண், கயிறு அறுந்த மாதிரி அப்படியே சரிந்து கல்படியில் முகம் அடிபட விழுந்தார். முன்பல் இரண்டு உடைந்தது. அவர் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அதற்குப் பின் நான் நிறுத்தியதே இல்லை. இந்தச் சட்டத்தைக் கோத்தோ அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உறுமி அடிக்கிற யாருக்கும் தெரிந்ததுதானே!

அவருக்குள்ளும் ஒரு சட்டம் இருந்தது. அதை அவரும் எனக்குச் சொல்லவில்லை.

மிஸ் லாவ் கோலாலம்பூரில் ஓர் இசை விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகவும், இருபது நிமிடம் கேட்டுவிட்டு நான்கு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வாரக்கடைசியில் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிற வண்டிகளில் மாட்டினால் இருட்டும் வரை நகர முடியாதென்று அவருக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் கோத்தோ அம்மா என்னிடம் சொன்னார்: "கையில் இரண்டு மாத வாடகைதான் இருக்கிறது. நாளைக்குச் சரியில்லை என்றால் ஊருக்குப் போகிறேன். அக்கா வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. கோத்தோ வைக்க இடம் இல்லை."

அன்று இரவு நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். சட்டைக் கை முட்டினால் கம்பி அதிரும் என்று அந்த அம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டையோடு உட்கார்ந்தார். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அதன் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. உறுமி அடிக்கிறவனுக்குக் குளிர் தெரியாது, வியர்த்துக் கொட்டும்.

முதல் பதினைந்து நிமிடம் நாங்கள் அதுவரை வாசித்ததிலேயே நன்றாக வந்தது. நான் தேய்க்க, அவர் வில்லை எடுத்துக் கடைசிக் கம்பியைத் தேய்த்தார். எது என் சத்தம், எது அவர் சத்தம் என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. பதினெட்டு நிமிடம் வாக்கில் ஓர் இடம் வந்தது. இங்கே முடித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அவருக்கும் அதே இடத்தில் தோன்றியதாம், பிறகு சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தோள் லேசாக நடுங்கியது.

இதை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். சாமி வருவதற்கு முன்னால் தோள்தான் முதலில் சொல்லும்.

நான் கையை நிறுத்தவில்லை.

அரை மணியானது. நடுக்கம் கூடியது. நானும் கூட்டினேன். நாற்பது நிமிடம். அவருடைய உதடு வெளுத்து, இடது கை கம்பியின் மேல் தடதடவென்று ஆடியது. அந்த ஆட்டத்தில் வந்த சத்தம் வேறு பயங்கரமாக, உண்மையிலேயே சாமி வந்த மாதிரி இருந்தது. மிஸ் லாவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிராணி எழுந்தார், உட்கார்ந்தார். நான் பூசாரிக்குக் கண்ணைக் காட்டினேன். முனியாண்டி அண்ணன் குனிந்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, சாமி வந்துருச்சு. திருநீறு போட்டு எறக்குங்க."

"எந்தச் சாமின்னு தெரியாம எப்பிடிடா போடறது? நம்ம ஆத்தான்னா நான் பேசுவேன். அவங்க ஊரு சாமியா இருந்தா? நான் ஒண்ணு நெனச்சுப் போட, அது ஒண்ணு ஆயிட்டா?"

"அப்ப நான் என்னா பண்றது?"

"நீ அடிச்சுக்கிட்டே இரு. நான் யோசிக்கிறேன்."

அண்ணன் யோசித்தது இருபது நிமிடத்துக்கு மேல்.

கடைசியில் எழுந்தது பாக்கியம்தான். நேராக நடந்து வந்து, கோத்தோவுக்குப் பக்கத்தில் குந்தி, அந்த அம்மாவின் புறங்கையில் தன் கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல! கை ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. குளுருல நடுங்குதுங்க அந்த அம்மா! நிப்பாட்டுங்க மொதல்ல!"

தன் சுவெட்டரைக் கழற்றி அவர் தோளைச் சுற்றிப் போட்டாள். அப்போதும் நான் சட்டென்று நிறுத்தவில்லை. பழக்கம். படிப்படியாகக் குறைத்து, கோயிலில் இறக்குவது போலவே இறக்கினேன். அவர் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மிஸ் லாவ் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "முதல் இருபது நிமிடம் மிகவும் நன்றாக இருந்தது," என்றார் மலாயில். "அதற்கப்புறம் நடந்தது எனக்குப் புரியவில்லை. விழாவில் உங்களுக்குப் பின்னால் வேறு குழுக்கள் காத்திருக்கும். எப்படியும் எனக்கு நேரமாகிவிட்டது. இப்போதே இன்னொரு முறை வாசியுங்கள். இருபது நிமிடத்தில் முடித்துக் காட்டுங்கள், போதும்."

நியாயமான பேச்சு. அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கோத்தோ அம்மா "போலே" என்று சொல்லி, முடியும் என்று தலையாட்டி, விரலில் நகத்தை மாட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் அவருடைய இடது கை விரல்களைப் பார்த்தேன். இரண்டு விரல்களின் நுனி வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கையால் கம்பியை அழுத்தினால் என்னவாகும் என்பது கருவி வாசிக்கிற எவனுக்கும் தெரியும். வெடிப்பு ஆற ஒரு மாதம் போகும், சில சமயம் அதற்கு மேலும் போகும்.

கையில் பைல் வைத்திருந்த யாரிடமும், துரையோ கிராணியோ, நான் அதுவரை முடியாது என்று சொன்னதில்லை.

"இன்னிக்கி முடியாது மிஸ்," என்றேன். "அவங்க கை வெடிச்சிருக்கு. தப்பு என்னோடது. இன்னொரு நாள் கூப்புடுங்க, வர்றோம். கூப்புடலன்னாலும் இன்னிக்கி முடியாது."

மிஸ் லாவ் என்னைப் பார்த்தார், அந்த விரல்களைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கிராணி தலையில் கை வைத்துக்கொண்டார். "மணியம், இருவத்தஞ்சு வருசத்துல நீ வாயத் தொறந்து நான் பார்த்ததில்ல. தொறக்கறதுக்கு ஒனக்கு வேற நேரமே கெடைக்கலையாலா?"

கோத்தோ அம்மாவுக்குக் கோபம். பாக்கியம் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "என் விரல்," என்றார். "அதைப் பற்றி நான் பேச வேண்டும். நீ இல்லை."

சரிதான். அவரைக் கேட்காமல் பேசினேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன்.

"அது இருக்கட்டும். பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. உனக்கும் தெரிந்தது, உன் கையிலேயே கேட்டேன். ஏன் நிறுத்தவில்லை?"

"நீங்க ஏன் நிறுத்தல?"

"நீ வாசிக்கிறாய். கூட வாசிப்பவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் கையை எடுத்தால், 'நீ சொல்வது போதும்' என்று சொல்வது மாதிரி. இருபது வருடத்தில் யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. எனக்குக் குளிர், கை வலி. ஆனாலும் உனக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று நினைத்தேன்."

நான் தீமிதியைச் சொன்னேன். கல்படியைச் சொன்னேன். உடைந்த பல்லைச் சொன்னேன். மலாயில் சாமி மலையேறுவதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், எழுந்து ஆடியே காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நீ நிறுத்தாததால் நான் நடுங்கினேன், நான் நடுங்கியதால் நீ நிறுத்தவில்லை என்று விரலால் வட்டம் போட்டுப் போட்டுக் காட்டிச் சிரித்தார். பாக்கியம் சிரித்தாள். முனியாண்டி அண்ணன் மட்டும், "நான் அப்பவே சொன்னேன், அது நம்ம சாமி இல்லன்னு," என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அந்த அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. "என்னோடு வாசித்தவர்கள் எல்லாரும் என் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். நான் விழுந்துவிடுவேனோ என்று யாரும் பயந்ததில்லை."

ஒன்பது நாள் எந்தத் தகவலும் இல்லை. ஏழாம் நாள் அவர் அறைக்குப் போனபோது புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தார். கோத்தோவைப் பினாங்கில் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். யாரிடமும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் தகவல் வந்தது. பாதி எனக்குப் புரியவில்லை, கிராணியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ரெண்டு பேரையும் எடுத்துக்கிறாங்களாம். இருவது நிமிசம். ராத்திரிக் கடைசி எடம் குடுத்திருக்காங்க. ஏன் தெரியுமா?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நிறுத்தலன்னாலும் பின்னால காத்துக்கிட்டு இருக்கறதுக்கு ஆள் இல்லாம பார்த்துக்கிட்டாங்களாம்."

விரல் ஆற ஐந்து வாரம் ஆனது. அதுவரை நான் மட்டும் வாசித்தேன், அவர் கேட்டார். அந்த ஐந்து வாரத்தில்தான் எப்படி முடிப்பது என்பது எனக்கு விளங்கியது. நான் அப்போதும் தேயிலை வெட்டும் இயந்திரத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். அதை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தேயிலை வரிசையின் மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். என்ஜின் சத்தத்தில் பேச முடியாது. சரிவு வேறு. ஒருவன் சொல்லாமல் நின்றால் மற்றவன் கத்தியோடு விழுவான். ஆனாலும் நாங்கள் விழுவதில்லை. எதிராளி நிற்கப்போகிறான் என்றால் அவன் நிற்பதற்கு முன்பே கைப்பிடியில் கனம் மாறும். அதைக் கையே தெரிந்துகொள்ளும். ஒரு வெட்டின்போது இது எனக்கு உறைத்ததும் நான் வரிசை நடுவிலேயே நின்றுவிட்டேன், சொல்லாமல். கூட இருந்தவன் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் சொன்னேன். சைகை வேண்டாம், உங்கள் கை கனம் குறைவதை நான் கேட்கிறேன், என் கை கனம் குறைவதை நீங்கள் கேளுங்கள். ஒருவர் குறைத்தால் மற்றவர் கட்டாயம் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் குறைந்தது தெரிந்ததென்று காட்ட வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாதமாக 'தெரியும்' என்று சொன்னேனே, அதுதான் இது," என்றார். சொல்லித் தந்திருக்கலாம். அவருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது.

கோலாலம்பூர் மேடையில் ஏறி உட்கார்ந்தோம். முன்னூறு பேர் இருப்பார்கள். அந்த மண்டபத்தை விடவும் குளிராக இருந்தது, ஏர்கண்டிஷன். பதினேழாவது நிமிடமோ என்னவோ, அவர் இடது கை லேசானது. நான் நிமிர்ந்து பார்த்தேன். தோள் நடுங்கவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குச்சியைத் தோலிலிருந்து எடுத்தேன். அவர் கையும் அதே நேரம் கம்பியை விட்டு எழுந்தது. எங்கள் இருவரில் யார் முதலில் நிறுத்தினோம் என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை. யாரோ ஒருவர் இருமினார். அப்புறம்தான் கைதட்டினார்கள்.

அந்த அம்மா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினார். நாங்கள் பதினோரு வருடம் சேர்ந்து வாசித்தோம். இப்போதும் அவர் பிரிஞ்சாங்கில்தான் இருக்கிறார். உங்களில் யாரோடாவது வாசிக்கலாம் என்று நினைக்கிறார். அதனால்தான் இதை எழுதச் சொன்னார்.

நீங்கள் அவரோடு உட்காருவதற்கு முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில், உங்கள் குழுவில், யாருமே வாய்விட்டுச் சொல்லாமல் பின்பற்றுகிற சட்டம் ஏதாவது இருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அற்பமாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். அவருடையதையும் கேளுங்கள். மற்றபடி, பயம் இருந்தால் இருக்கட்டும். நான் பயந்துகொண்டேதான் வாசித்தேன். பயப்படுகிறவன் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பான், அது இந்த வேலைக்கு ஆகும்.

அந்தச் சனிக்கிழமையில் தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. மண்டப வாடகை மணிக்கு முப்பது வெள்ளி. ஒரு மணி நேரத்துக்கு முன்கூட்டியே கட்டியிருந்தோம். மேலே போன பத்து நிமிடத்தையும் கிராணி ஒரு மணி நேரமாகத்தான் எழுதுவேன் என்று பில் கொடுத்தார். பத்து நிமிடத்துக்கு ஐந்து வெள்ளி என்கிறார் கோத்தோ அம்மா. உட்கார்ந்து யோசித்த பூசாரியிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறாள் பாக்கியம். அது யாருடைய சாமி என்று முடிவான பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார் முனியாண்டி அண்ணன். சேகரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் என்னைக் கண்டால் மறக்காமல் கேட்கிறார். பாக்கி, முப்பது வெள்ளி.